குனாரின் கிற்றாருக்கு ஒரு முதிரைக் கழுத்து

கணினி வெட்டினால் பிழை வராது என்று நான் மனதார நம்பியிருந்தேன். அது பார்த்து வெட்டும் படத்தை வரைந்தவன் நான்தான் என்பது அந்த நம்பிக்கையில் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

ஒஸ்லோவிலிருந்தே நேரம் குறித்து, ஐந்து நிமிடம் முந்தியே மல்லாவியில் அந்த மரவேலைப் பட்டறை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒருவரும் இல்லை. கணினி ஓட்டும் வெட்டு மெசின் மட்டும் தன்பாட்டில் ஓடி, யாருடைய வீட்டுக் கதவிலோ லட்சுமியின் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தது. நோர்வேயில் இப்படித் தனியே ஓடவிட்டால் மஞ்சள் உடுப்புக்காரர் நாலு பேர் வந்து படிவம் நிரப்புவார்கள். இங்கே மேற்பார்வைக்கு ஒரு கோழி நின்றது. உள்ளே வரலாமா என்று அதனிடம் நான் கேட்காததுதான் குறை.

மெசினை இயக்குபவர் நளாயினி. கைவேலையெல்லாம் அவருடைய கணவர் ரவி. "சொன்ன நேரத்துக்கே வந்திட்டியளே அண்ணை!" என்று பின்பக்கத்தால் வந்தார் நளாயினி. "எங்கட ஆக்களெண்டால் ஒரு நாள் முந்தி வருவினம், இல்லாட்டி ஒரு கிழமை பிந்தி வருவினம்."

நான் அங்கே போய் நின்றதற்குக் காரணம் என் பின்புறம். குனார் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவன். நான் நோர்வேக்குப் போன முதல் வருடம், சாப்பாட்டு அறையில் என் மேசைக்குத் தானாக வந்து இருந்த ஒரே ஆள். போன பனிக்காலம் அவன் வீட்டு விருந்தில், பகிடி சொல்லிக்கொண்டே சோபாவில் தொப்பென்று விழுந்தேன். டக் என்றது. அங்கே எனக்கு முதலே அவனுடைய மின்கிற்றார் படுத்திருந்தது. உடலும் கழுத்தும் அவனே தன் கையால் செய்தவை. கடையில் விற்கும் கழுத்து எதுவும் அதற்குப் பொருந்தாது. முறிந்ததைப் பார்த்துவிட்டுக் குனார், "டெட் கோர் ப்ரா" என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரிலென்றால் அன்றைக்கே ஏசி, மூன்று நாள் கதைக்காமல் விட்டு, நாலாம் நாள் தேத்தண்ணி தந்திருப்பார்கள். கோபம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒரு கணக்குத் தெரியும். பரவாயில்லை என்பவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு கிழமை சாப்பாட்டு அறையைத் தவிர்த்து, கழிவறை வாசலில் நின்று பாண் தின்றேன். பிறகு வாய்தடுமாறி, எங்கள் முதிரை மரத்தில் புதுக் கழுத்துச் செய்து கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அது இல்லாமல் அந்த மேசைக்குத் திரும்ப எனக்கு முகமில்லை.

குனாரிடம் கிற்றாரின் உடலை மட்டும் கேட்டு வாங்கி அளந்தேன். கழுத்து வந்து பொருந்தும் குழியின் ஓரத்தில் சின்ன வெட்டொன்று இருந்தது. குனாரின் உளி வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். முறித்தவனே போய் அதையும் கேட்பதா? நாகரிகமாக விட்டுவிட்டேன். முறிந்த கழுத்தைப் பார்க்கும் தைரியமும் வரவில்லை.

ரவியிடம் நன்றாகக் காய்ந்த முதிரை ஒரு துண்டுதான் இருந்தது. வாசல் நிலை செய்து மிஞ்சியது. "இது பிழைச்சால் அடுத்தது காய இரண்டு வருசம் செல்லும்" என்றார். எனக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமை.

மெசின் முதலில் மரத்தின் முகத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியது. கழுத்து வளையாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி அதற்குள் கிடக்கும். கம்பியை முறுக்கும் சாவி நுழைய ஒரு அந்தத்தில் வாய் உண்டு. அதை நான் தலைப்பக்கம் வைத்து வரைந்திருந்தேன். பயத்தில் வால்பக்கம் ஒரு சாண் மரத்தைச் சும்மா விட்டுமிருந்தேன். அடுத்ததாக மரத்தைக் குப்புறப் பூட்டி முதுகையும் தலையையும் வெட்ட வேண்டும். பூட்டும் வேலையை ரவியிடம் விட்டுவிட்டு நளாயினி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார். தேத்தண்ணி என்றதும் நானும் பின்னால் போனேன்.

குடித்துவிட்டு வந்து நளாயினி மெசினை ஓடவிட்டார். அது ஓய்ந்த பிறகு கழுத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். வாய் தலையில் இல்லை. உடலோடு சேரும் அந்தத்தில் இருந்தது.

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். பெட்டி விமானத்தில் தொலைந்தது என்று சொல்லலாமா? வடக்கே ஏதாவது மீன் தொழிற்சாலைக்கு மாறிப் போனால் குனாரின் முகத்தில் முழிக்கவே தேவையில்லையே?

"ஆர் இதை அந்தம் மாத்தித் திருப்பினது?" என்றார் நளாயினி.

"நான்தான்" என்றார் ரவி, பதற்றமே இல்லாமல். "வேர்ப்பக்கம் தலையில கிடந்தது. நிலையெண்டாலும் தூணெண்டாலும் அடிமரம் கீழதான் நிக்கோணும். தலைகீழா நான் ஒண்டும் செய்யிறேல்லை."

"இது தூணில்லை அப்பா, கிற்றார்!" என்றார் நளாயினி.

"சரி, இது எதில போய்க் குந்தும்?"

படத்தில் உடலைக் காட்டினேன்.

"அப்ப சரியாத்தானே வைச்சிருக்கிறன்."

நளாயினி அவரை ஒருதரம் முறைத்தார். பிறகு என்னை. "உங்கட படத்தில அடி எது, நுனி எதெண்டு ஒரு இடத்திலையும் போடேல்லையே அண்ணை."

"கம்பியூட்டருக்கு அது தேவையில்லைத் தங்கச்சி."

"இவருக்குத் தேவையெல்லோ."

ஒஸ்லோவில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். நடப்பது நடக்கட்டும் என்று குனாரை வீடியோவில் அழைத்தேன். பாணைக் கையில் பிடித்தபடி அவன் கழுத்தை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "டெட் கோர் ப்ரா." என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவனோ பாணைக் கடித்துக்கொண்டு, பழைய கழுத்திலும் வாய் அந்தப் பக்கம்தான், முறுக்கும் சாவி போகத்தானே குழியோரம் வெட்டியிருக்கிறேன், நீ அளக்கும்போது பார்க்கவில்லையா என்று கேட்டான்.

"என்னவாம்?" என்றார் ரவி.

"சரியாம்."

"நானும் அதைத்தானே சொன்னனான்."

பயத்தில் விட்ட அந்த ஒரு சாண், மரம் திரும்பியதும் தலை வெட்டும் இடமாகி, வாய்க்காலையும் காப்பாற்றியது. இல்லாவிட்டால் அது தலைக்குள் ஏறியிருக்கும். என் பயம் யாருக்காவது பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம்.

மிச்சத்தை ரவி கையால் முடித்தார். முதலில் அரம், பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டல். கிற்றாரைத் தொட்டறியாத மனிதர். மண்வெட்டிக்குப் பிடி போடுவதுபோல, "இறுக்கிப் பிடியுங்கோ, எங்க இடிக்குது?" என்று கேட்டுக் கேட்டுச் சுரண்டினார். குனாரின் கை என்னுடையதைவிடப் பெரியது என்றேன். "அப்ப கொஞ்சம் மொத்தமா விடுவம்." கடைசியில், வேர்ப்பக்கம் மிஞ்சிய சாணை அறுத்தெறிந்துவிட்டு, புது வெட்டுமுகத்தில் பென்சிலால் 'அடி' என்று எழுதித் தந்தார்.

இப்போது அந்தக் கழுத்து, குனாரின் பேர்ச் மர உடலில் நான்கு திருகாணியில் நிற்கிறது. பனிக்காலத்தில் அறைச் சூடாக்கி வீட்டைக் காயவைக்கும்போது முதிரை இலேசாக வளையும். குனார் சாவியைக் கால் சுற்றுத் திருப்புவான். வேர்ப்பக்கம் நோர்வே மரத்துக்குள்ளே, நுனி வெளியே. ரவியின் பென்சில் எழுத்து குழிக்குள் இருக்கிறது. மதியத்தில் நான் மறுபடியும் குனாரின் மேசையில் சாப்பிடுகிறேன். இருக்க முன் கதிரையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

படத்தை நான் பிழையாக வரைந்தேன். கணினி அதைப் பிழையில்லாமல் வெட்டியது. ரவி மரத்தைத் திருப்பி வைத்தார்.