தீப்படாத அங்கி

விளையாட்டுக்குள் உட்கார்ந்து பொருள் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாளும் மந்திரமும் நாகமும் நடமாடுகிற ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, அங்கே போய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் மனிதர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. என் கெட்ட நேரம், அப்படி ஒருவரைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். கோலசிலாங்கூர் டவுனில் என் கணவரின் நண்பர் ஒருவருக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அவருடைய தாத்தா தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து மலேசியாவுக்கு வந்து தொடங்கிய கடை. ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கலைந்ததும் மாடியறையில், வெங்காய மூட்டைகளுக்கும் பழைய மேசைகளுக்கும் நடுவில், நாங்கள் கூடுவோம். திரையில்லை, கணினியில்லை. காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை, வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். கதையை நடத்துகிறவள் என் நாத்தனார். பாலர்பள்ளி ஆசிரியை. காலேஜில் படிக்கும்போது கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கும் பழக்கிவிட்டாள். இதற்காகவே கெர்லிங்கிலிருந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருவாள். நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னால், பகடையை உருட்டச் சொல்லி, அது பலித்ததா இல்லையா என்று அவள் சொல்வாள். கடைக்காரர் மந்திரவாதி. நான் வாள்காரி. என் கணவர், ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், விளையாட்டிலும் கைவினைஞர்.

கதை இதுதான். மலையில் ஒரு தீ நாகம் குடியேறியிருக்கிறது. அடிவாரத்து ஊரார் எங்களிடம் வந்து அழுகிறார்கள். நாங்கள் போய் அதைக் கொல்ல வேண்டும். போகிற வழியிலேயே ஒரு பாசார். அங்கே ஒரு வியாபாரி, தீ தாங்கும் மேலங்கியைத் தொங்கவிட்டு விற்கிறான். எங்கள் பையில் பொற்காசு இருந்தது.

"வாங்கிட்டுக் கெளம்புவோம் மச்சான்," என்றார் கடைக்காரர்.

என் கணவர் அந்த அங்கியின் தையலைப் பார்க்க வேண்டும் என்றார். பகடையை உருட்டினார். நாத்தனார், தையல் சுமார்தான் என்றாள். அங்கேயே எங்கள் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

"இத போயி வாங்குவாங்களா? நானே செய்றேன்லா. இதவிட நல்லா வரும்."

எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நான் பிறந்தது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எங்கள் வீட்டில் நாற்காலி, பெட்டி, அலமாரி எல்லாம் அப்பா கையால் செய்தவை. வாங்க வழியில்லாததால் செய்தார். நாற்காலி ஆடும், ஆணி பாவாடையைக் கிழிக்கும். முதல் சம்பளத்தில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தபோது, அப்பா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுதான்லா நாற்காலி," என்றார். அதற்குப் பிறகு அவர் சுத்தியலைத் தொட்டு நான் பார்க்கவில்லை. கையால் செய்வதன் பெருமையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு ஆணியில் மாட்டிய பாவாடைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் என் கணவருக்கு அங்கி தைக்க வேண்டும். அதற்கு நெருப்புப் பல்லியின் தோல் வேண்டும். அது ஒரு குகையில்தான் கிடைக்குமாம். போனோம். தோலைப் பதப்படுத்த ஒரு மரத்தின் பிசின் வேண்டும். அந்த மரம் எதிர்த்திசையில் இருந்தது. அதற்கும் போனோம். தைக்கிற நூலுக்கு ஒரு சிலந்தியைத் தேடி அலைந்தோம். ஞாயிறு மேல் ஞாயிறாகப் போய்க்கொண்டே இருந்தது. நாகத்தைத் தவிர அந்த உலகத்தின் எல்லா உயிர்களையும் நான் வெட்டிவிட்டேன். பொருள்கள் சேர்ந்த பிறகு தையல் தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பகடை. ஒருமுறை பிசின் கருகியது. ஒருமுறை தோலைத் தப்பாக வெட்டிவிட்டார். திரும்பவும் குகைக்குப் போனோம்.

கடைக்காரர் பாவம், கீழே போய் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு மேலே வருவார்.

"இன்னும் தைக்கிறானா?"

"ஊசி ஒடஞ்சிருச்சுண்ணே," என்பேன்.

"சரி, நான் போயி கறிக்கு உப்பு பாத்துட்டு வர்றேன்."

ஒருநாள் நாத்தனாரே பொறுமை இழந்தாள். "அண்ணே, கெர்லிங்லேருந்து இவ்ளோ தூரம் வர்றது நீங்க ஓரம் தைக்கிறதப் பாக்கவா?"

"இன்னும் கொஞ்சம்தான்," என்றார்.

ஒருவழியாக அங்கி முடிந்தது. அன்றைக்கு அவர் அதை எங்களுக்கு விவரித்தார். கழுத்துப்பட்டை எப்படி மடிந்திருக்கிறது, வெயிலில் பிடித்தால் செதில்கள் எப்படிச் செம்பு நிறமாகத் தெரியும், தையல் வெளியே தெரியாமல் எப்படி உள்ளே போகிறது என்றெல்லாம் சொன்னார். கையை அசைத்து அசைத்துச் சொன்னார். நாங்கள் மூவரும் குறுக்கே பேசாமல் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இல்லாத ஒரு துணியைப் பற்றி என் கணவர் பேசியதில் பாதியளவு கூட எங்கள் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு மலைக்குப் போனோம். அடிவாரத்தில் ஊர் இல்லை. சாம்பல்தான் இருந்தது.

"ஊர்க்காரங்க எங்க?" என்று கேட்டேன்.

"நீங்க தைச்சிக்கிட்டு இருந்தீங்கல்ல அண்ணி, அப்ப நாகம் எறங்கி வந்திருச்சு," என்றாள் நாத்தனார். முகத்தில் சிரிப்பே இல்லை.

யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவர்கள் யாரும் இல்லை. சரி, நாகத்தையாவது கொல்வோம் என்று மேலே ஏறினோம். குகை வாசலில் அது சுருண்டு கிடந்தது. நான் முன்னால் போய் வாளை ஓங்கினேன். கடைக்காரர் மந்திரம் விட்டார். நாகம் மூச்சை இழுத்தது. அடுத்து தீதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அங்கியப் போட்டுக்கிட்டு முன்னால வாங்க," என்றேன் கணவரிடம்.

அவர் தன் காகிதத்தைப் பார்த்தார். "நான் பாறைக்குப் பின்னால நிக்கிறேன்."

"அங்கி எங்க?"

"பைக்குள்ள. மடிச்சு வச்சிருக்கேன்."

"அண்ணே, அது தீ தாங்குற அங்கி. இதுக்குத்தானே செஞ்சீங்க?" என்றாள் நாத்தனார்.

"தாங்கும்லா. ஆனா கருகிருச்சுன்னா? மொத நாளே போட்டுக் கெடுக்கணுமா?"

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப எனக்குக் குடுங்க, நான் போட்டுக்கிறேன்," என்றேன்.

அவர் யோசித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மனைவி நெருப்புக்கு முன்னால் நிற்கிறாள், மனிதர் உட்கார்ந்து யோசிக்கிறார்.

"ஒனக்கு அளவு சரியா வராது," என்றார்.

பகடை உருண்டது. நான் எரிந்து செத்தேன். மந்திரவாதி அரை உயிரோடு ஓடிவந்தார். கைவினைஞர் அங்கியோடு பத்திரமாகக் கீழே இறங்கினார்.

புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பினோம். பாதி வழியில் அவரே ஆரம்பித்தார்.

"கோவமா?"

"நான் செத்துட்டேன். செத்தவங்களுக்கு என்ன கோவம்?"

"தோ பாரு, ஃபேக்டரில நான் எதையும் செய்றதில்ல. ஒடஞ்சத ரிப்பேர் பண்றேன். காலையில பண்ணது சாயந்தரம் திரும்ப ஒடையுது. அந்த அங்கிதான் நானே செஞ்சு முடிச்சது. அத எரியவிட மனசு வரல."

எனக்குப் புரிந்தது. அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக் கழுவி எண்ணெய் போகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும், புரிந்தது என்பதற்காகச் செத்தவள் எழுந்து வந்துவிட முடியாது.

"எரியாம இருக்கத்தான அத செஞ்சீங்க," என்றேன்.

இப்போது யாராவது என்னிடம் விளையாட்டில் பொருள் செய்வது உழைப்புக்குத் தகுமா என்று கேட்டால் நான் நீட்டி முழக்குவதில்லை. செய்யக் காலம் போகிறது. செய்தபின் மனசு ஒட்டிக்கொள்கிறது. மனசு ஒட்டியதை யாரும் போருக்கு எடுத்துப் போவதில்லை. பாசாரில் தொங்கிய சுமார் தையல் அங்கியை வாங்கியிருந்தால் அது கருகியிருக்கும், யாருக்கும் வலித்திருக்காது, ஒரு ஊர் பிழைத்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நான் புதிய பாத்திரத்தோடு உட்கார்ந்தேன், இந்த முறை வில்காரி. புதிய பயணம், புதைந்துபோன ஒரு கோட்டைக்கு. கிளம்பும் நேரத்தில் என் கணவர், குளிர் தாங்கும் காலணி ஒன்று தைத்துவிட்டு வருகிறேன் என்றார்.

நானும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தைங்க," என்றேன். "நாங்க போறோம்."

அவரை ஊரிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். ஆற்றைக் கடந்தோம், கொள்ளையர்களை விரட்டினோம், மேசையில் வைத்த தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் கோட்டைச் சுவரை அடைந்துவிட்டோம். வழியில் ஒரு பெட்டிக்குள் குளிர் தாங்கும் காலணி இரண்டு ஜோடி கிடந்தது. நாத்தனார் வேண்டுமென்றே வைத்தாளா என்று நான் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு நடந்தோம்.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். "நான் எப்ப வந்து சேர்றது?"

"தைச்சு முடிச்சிட்டீங்களாண்ணே?" என்றாள் நாத்தனார்.

"இடது கால் முடிஞ்சிருச்சு."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கோட்டைக் கதவத் தொறக்கலாமா?"

"தொறங்கண்ணே," என்றேன்.