ஆரலுக்குப் புழு

வேப்பிலை வாடுகிற மணம் எங்கிருந்தாவது வந்துவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும் வரி அப்படியே நின்றுவிடுகிறது. வாவிக் காற்றும் மஞ்சள் தண்ணீரும் மணக்கும் எங்கள் வீடு எழுந்து வருகிறது. அதற்குள் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள், மணலிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியபடி ஓர் ஆரல் மீன்.

தொட்டி மாமாவுடையது; அவர் அம்மாவின் தம்பி. தோணிக்குப் பூசுகிற கீலை மூலைகளில் பூசி அவரே செய்தது. பனையேறி மீன்களும் கெளுத்திகளும் ஏற்கெனவே குடியிருந்த அந்தக் கண்ணாடி வீட்டுக்கு, உன்னிச்சை வாய்க்காலில் பிடித்த ஆரலைக் கடைசியாகக் கொண்டுவந்தார். பாம்பு என்று நான் ஒதுங்கினேன்.

"பாம்புக்கு ஏது புள்ள செட்டை? முதுகத் தடவாத, முள்ளுக் குத்தும்," என்று மாமா அதன் துடுப்பைக் காட்டினார்.

அது கூச்சக்கார மீன். புதைய ஆற்றுமணல் வேண்டும், ஒளிய மூங்கில் குழாய் வேண்டும், மேலே பலகையால் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஏறிப் போய்விடும். மண்புழு போட்டால், அது மூக்கைத் திருப்புவதற்குள் பனையேறிகள் விழுங்கிவிடும். அதனால் பப்பாசி இலைக் காம்பை மணல்வரை இறக்கி, அந்தக் குழல் வழியே புழுவை விடுவோம். புழு நேரே ஆரலின் மூக்கடியில் போய் விழும். அந்த வேலை என்னுடையது. அதில் எனக்கு ராசாங்க உத்தியோகத்தின் பெருமை.

அப்போதுதான் என் கைக்குழந்தைத் தம்பிக்கு அம்மாள் வந்தது. அம்மை என்று வாயால் சொல்லமாட்டார்கள். வீட்டு வளவின் வாசலான கடப்படியில் வேப்பங்குழை கட்டி, மீன்சட்டியைப் பரணில் ஏற்றினார்கள். புழுவும் மச்சம்தான், விலக்கான அசைவம்தான் என்றுவிட்டாள் அம்மா.

"ஆரல் மரக்கறியா திங்கும் அக்கா?"

"திங்கட்டும். நாம திங்கல்லயா? இந்த வளவுக்குள்ள ஒரு உசிரும் சாகப்படாது."

சோற்றுப் பருக்கையைக் குழலில் விட்டேன். ஆரல் திரும்பியும் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் அதன் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"இதுவும் இந்த வளவுக்குள்ளதானே சாகப்போகுது," என்றார் மாமா. அம்மா தம்பி கிடந்த அறைக்குள் போய்விட்டாள்.

புடைவை விற்க வரும் ஏறாவூர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், வேப்பங்குழையைக் கண்டு கடப்படிக்கு வெளியிலேயே நின்றார். மாமா சங்கதியைச் சொன்னார்.

"எங்கட வளவில புழுவுக்குப் பஞ்சமில்ல. தாங்க, வெச்சிக்கிறன். புள்ளைக்குத் தண்ணி வாத்த பிறகு கொண்டாறன்."

அம்மாள் இறங்கித் தலைக்கு வார்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு வேறு கவலை.

"கறி வெச்சிருவீங்களா?"

"இந்த மூஞ்சியக் கண்டா எங்கட வீட்டாள் அடுப்படியால ஓடிருவா, மகள்."

மாமா பானையில் மணலும் தண்ணீரும் இட்டு ஆரலை இறக்கி, பானை வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார். காக்கா கிளம்பும்போது அம்மா முற்றத்துக்கு வந்தாள். அன்றைக்கும் தம்பி பால் குடித்திருக்கவில்லை. அம்மாவின் சட்டை மார்பில் நனைந்து ஊறியிருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மச்சம் என்று தடுத்தவள் இப்போது எதற்கு வருகிறாள் என்றுகூடக் கொஞ்சம் கோபம்.

"காக்கா," என்றாள் அம்மா. "புழுவப் போட்டுட்டுப் போயிராதீங்க. திண்டிச்சா எண்டு நிண்டு பாருங்க."