இன்னும் ஒருத்தர் மேல வரல

டைவர்கள் தண்ணீருக்குள் இறங்கப் போகிறார்கள் என்றால் என் அண்ணி முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொள்வார். பதினொரு வருடமாக அவர் ஓட்டும் படகில் நான் கயிறு பார்க்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு வாய் குறைவு. அண்ணிக்கு எனக்கும் சேர்த்தே இருக்கிறது.

அன்று மிதவைச் சங்கிலியைப் பழுது பார்க்க இரண்டு டைவர்கள் இறங்கியிருந்தார்கள். முதலாளியும் படகில் இருந்தார். அடுத்த வேலைக்கு போன் மேல் போன் வந்ததில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திடீரென்று நீரோட்டம் வலுத்தது. நங்கூரமிட்டு நின்ற படகுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி ஒரு டைவர் மேலே வந்து கையை ஆட்டினார்.

“எடும்மா படகை! ஆளை இழுத்துட்டுப் போகுது,” என்றார் முதலாளி.

“இன்னும் ஒருத்தர் மேல வரல முதலாளி.”

“அவனும் அங்கதான் இருப்பான். ஜோடியாத்தானே போனாங்க?”

“இருப்பான்னு நெனச்சு புரொப்பல்லரைச் சுத்த விட முடியாது, ஆளை வெட்டிரும்.”

“சாவியைக் குடு, நானே ஓட்டுறேன். படகு யாருது?”

“படகு உங்களுது. கீழ இருக்கிற உசுரு உங்களுது இல்ல.”

முதலாளியின் முகம் சிவந்தது. அண்ணி என் பக்கம் திரும்பினார். “நீ என்ன வேடிக்கை பாக்குற? அந்த ரப்பர் மிதவையைக் கட்டி நீளக் கயித்தை விடு.”

விட்டேன். நீரோட்டமே மிதவையை டைவரிடம் கொண்டுபோனது. அவர் பற்றிக்கொண்டார். நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சினை ஒட்டி ஒரு தலை எழுந்தது. இரண்டாவது டைவர். அவர் தோளுக்கும் புரொப்பல்லருக்கும் ஒரு முழம்கூட இல்லை.

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, “யாருங்க சண்டை? கடலுக்குள்ளயே கேக்குது,” என்றார்.

கரையேறியதும் முதலாளி, “நாளைலேருந்து நீ வர வேணாம்,” என்றார். மறுநாள் தன் மச்சானை ஓட்ட வைத்தார். டைவர்கள் சிலிண்டர் மேல் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. “மச்சான் நல்லவர்தான். அவரைக் கீழ அனுப்புங்க, நீங்க ஓட்டுங்க,” என்றார் ஒருவர்.

நான்கு நாள் படகு கட்டியே கிடந்தது. ஐந்தாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “உங்க அண்ணியை வரச் சொல்லு. ஒரு மன்னிப்புக் கேட்டாப் போதும்,” என்றார்.

அண்ணி ஈரத் துணியை உதறிக்கொண்டே, “வேலைக்கு வரேன்னு சொல்லு. மத்தது வராதுன்னும் சொல்லு,” என்றார். ஒரு சொல் குறையாமல் முதலாளி முகத்துக்கு நேரே சொன்னேன்.

இன்றும் படகை அண்ணிதான் ஓட்டுகிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளி அவரிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புகிறார்.