பக்கீர் பாய்க்குப் பிடிபடாத வண்டி

நட்டு கைக்கு வந்ததும் பக்கீர் முகம்மது கண்ணை மூடிக்கொள்கிறார். கட்டைவிரல் நகம் மரைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. "சண்டைக் காலத்து அமெரிக்கா ஜீப்பு." அடுத்த நட்டு. "இது நம்மாளு, பூனா பக்கம் அடிச்சது. அடுத்ததக் கொண்டா." கேட்டவர் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிடும்.

கம்பம் ஊரில் பழைய ஜீப் சாமான் விற்கும் கடை அவருடையது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலையேறும் ஜீப்புகளில் பாதி, இவர் கடைச் சாமானில்தான் உயிர் பிழைத்து ஓடுகின்றன. விற்கும் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை பெயிண்ட் தொட்டு வைப்பார். நல்லதை வாங்கிப் போய்த் தேய்ந்ததைத் திருப்பிக் கொண்டுவரும் கெட்டிக்காரர்களுக்கான ஏற்பாடு அது. வேறு கிறுக்குகளும் உண்டு. எந்த வண்டியையும் 'அது' என்று சொல்லமாட்டார், 'அவன்'தான். கண்டுபிடித்த கையோடு எதிர் டீக்கடைக்குப் போய், டீ சொல்வதற்கு முன்னால் தீர்ப்பைச் சொல்லிவிடவும் வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதரை ஒன்றரை மாதமாக ஒரு வண்டி ஆட்டிவைத்தது.

காமயகவுண்டன்பட்டியில் கிளாரா டீச்சரின் திராட்சைத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் கிடக்கிறது அந்த வண்டி. பதினைந்தடி நீளம், இடுப்புயரம்கூட இல்லை. அலுமினியத் தகட்டு உடம்பு, விரால் மீன் மாதிரி. உள்ளே ஒரே ஓர் ஆள் உட்காரலாம். முகவிளக்கு இல்லை, ஹாரன் இல்லை, பேர் பொறித்த தகடு இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினால் ஒரு சாண்கூடத் திரும்பாது. நேர்கோட்டில் வெறிபிடித்தாற்போல் ஓடி, எத்தனை வேகம் என்று அளந்து பார்ப்பதற்கென்றே செய்த வண்டி. "இவன கம்பம் மெட்டுல ஏத்துனா மொத வளைவுலயே மவுத்துதான்" என்று பாய் தலையில் கைவைத்தார்.

கோயம்புத்தூரில் பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்கள் வண்டியைக் கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு படிவம்: எந்த நாட்டு வண்டி, செய்தவர் யார், இன்னும் ஏகப்பட்ட கேள்விகள். எழுதித் தருவதை வண்டிக்கு முன்னால் பலகையில் போடுவார்களாம். டீச்சருக்குக் கண்காட்சி பெரிதில்லை. அவருடைய அப்பா அமிர்தராஜ் மலை எஸ்டேட்டில் பிட்டராக இருந்தவர். வேலையை விட்டு இறங்கிய சில வருடங்களில் கொட்டகைக்குள் இந்த வண்டி நின்றது. தானே செய்தது என்று அவர் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனதை அமுக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து முத்துவீரன் இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாகுற வரைக்கும் அப்பா திருட்டுப் பேரோடதான் இருந்தாக பாய். நெசம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க, தாங்கிக்கிறேன்" என்றார் டீச்சர்.

முதல் நாள் பாய் சக்கரத்தருகே நாலு போல்ட்டைக் கழற்றினார், நகத்தை வைத்தார், கண்ணைத் திறந்தார். "அக்மார்க் இங்கிலீஷ்காரன்." டீச்சர் காபி கொண்டுவர வீட்டுக்குப் போனார். வழக்கப்படி தீர்ப்பு டீக்கடைக்குப் போனது. அங்கிருந்து முத்துவீரன் காதுக்கு அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தது. "நாஞ் சொல்லல?" என்று அவர் தெருவெல்லாம் கேட்டுத் திரிந்தார்.

மறுவாரம் மூடியைத் திறந்தபோதுதான் பாய்க்குத் தலை சுற்றியது. இன்ஜின் அமெரிக்கா. கியர் பெட்டி ஏதோ ஒரு லாரியுடையது. வேகமானியில் ஜெர்மன் எழுத்து. பின் அச்சு எவன் பெற்ற பிள்ளை என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம். தகட்டை உள்ளே இழுத்துக் கட்டியிருந்ததோ திராட்சைப் பந்தல் கம்பி! இவனை எங்கேதான் ஓட்டினார்கள் என்று கேட்டால், "வைகை அணை வத்துன வருசம், அந்தக் காஞ்ச தரையில ஓட்டிப் பாக்க லாரியில ஏத்திட்டுப் போனாக. வந்து நாலு நாளு அப்பாவுக்குக் காது கேக்கல" என்றார் டீச்சர். அதனால் என்ன, அமுக்கிக்கொண்டு வந்தவனும் ஓட்டிப் பார்ப்பான்தானே. ஒரு நாள் துரை வண்டி என்று தோன்றும். மறுநாள் அமிர்தராஜ் வண்டி என்று தோன்றும். அதற்கு மறுநாள் இரண்டுமில்லை. பாய்க்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு வண்டிக்கு ஊரு தெரியலன்னா பட்டினி கெடக்கணும்னு யாரு சொன்னாக?" என்று மனைவி சுல்தான் பீவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஐந்தாவது தடவை போனபோது, முதல் நாள் கழற்றிய நாலு போல்ட்டையும் டீசலில் ஊறப்போட்டார். கறுத்த கிரீஸ் கரைந்தது. தலையில் பச்சைப் புள்ளி. நான்கிலும். எந்தக் காலத்திலோ எஸ்டேட் பம்புகளை உடைத்து எடுத்து, இவரே விற்ற இங்கிலாந்து போல்ட்டுகள். தன் கடைச் சரக்கை வைத்தே ஒரு மனிதரைத் திருடனாக்கியிருக்கிறார். பாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் துரை வண்டியின் ரிப்பேருக்கென்று அமிர்தராஜ் அவற்றை வாங்கியிருக்கலாம் அல்லவா? குழப்பம் தீர்ந்தபாடில்லை.

அந்தக் கூச்சத்தோடு மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"டீச்சரம்மா, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் சீட்டுப் பக்கம் இம்புட்டு நெருங்கி நிக்குது. கிளட்ச் மட்டும் தள்ளி இருக்கு. ஒங்க அப்பாவுக்குக் கால்ல எதுவும்...?"

"வலது காலு குட்டை பாய். சின்ன வயசுல வந்த இளம்பிள்ளை வாதம். நாலு விரக்கட குட்டை."

பாய் விரலை வைத்து அளந்தார். நாலு விரற்கடை. பிறகு அடிச்சட்டத்தைத் தடவினார். மிதிகளைப் பின்னாளில் நகர்த்தியிருந்தால் பழைய துளை இருக்க வேண்டும். அடைத்திருந்தால் பற்றவைத்த மேடு நகத்தில் தட்ட வேண்டும். இரண்டும் இல்லை. அந்தக் காலுக்கென்றே முதன்முதலில் போட்ட துளைகள்.

வெளியே வந்து கையைத் துடைத்துப் படிவத்தை வாங்கினார். இன்ஜின் எந்த ஆண்டு? தெரியவில்லை. பின் அச்சு எந்த நாடு? தெரியவில்லை. எத்தனை வேகம் போனது? தெரியவில்லை. எழுத எழுத அவருக்கே எரிச்சலாக வந்தது. 'செய்தவர்' என்ற இடத்தில் மட்டும் பேனா தயங்கவில்லை. 'அமிர்தராஜ், பிட்டர், காமயகவுண்டன்பட்டி.' எட்டிப் பார்த்த டீச்சர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

காகிதத்தோடு பாய் வேலியோரம் நடந்தார். முத்துவீரன் வழக்கம்போல் வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"அன்னைக்கு நாஞ் சொன்னது தப்புப்பா. இத வாசி. சத்தமா வாசி, தோட்டத்துல வேல பாக்குற ஆளுகளுக்கும் கேக்கட்டும்."

முத்துவீரன் காகிதத்தை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "கண்ணாடி கொண்டாரலயே பாய்."

பக்கீர் முகம்மது தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைலி நுனியில் துடைத்து, முத்துவீரனின் காதுகளில் தானே மாட்டிவிட்டார்.