சோதித்துக் கொடுத்த வெண்கலம்

ஓட்டப் போட்டியில் நாலாவதாக வருவதைப் போல எரிச்சல் வேறு எதிலும் இல்லை. ஏழாவது எட்டாவது என்றால் மனசு ஆறிவிடும். நாலாவதாக வந்தவள் மேடைக்குப் பக்கத்தில் நின்று, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மற்ற மூன்று பேருக்கும் கைதட்ட வேண்டும். கொழும்பில் நடந்த பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நான் அப்படித்தான் நின்றேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் நடுவே இரண்டு எட்டு தூரம்கூட இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சளி. விடியற்காலையில் எங்கள் ஊர் வட்டகொடைப் பனிக்குள் ஓடிப் பழகுகிறவளுக்குச் சளி புதிதல்ல, ஆனால் மூக்கை அடைத்துக்கொண்டு இருபத்தைந்து சுற்று ஓட முடியாது. நான் வேலை செய்யும் ஹட்டன் புடவைக் கடைக்கு அடுத்ததே மருந்துக் கடை. அங்கே போய் மாத்திரை கேட்டேன். கடைக்கார முஸ்லிம் நானா பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு மறுபடி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்க ஓடப் போறீங்க. இதுல ஈக்கிற மருந்து போட்டிக்கு ஆகாது. கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க."

கொத்தமல்லி குடித்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு மாத்திர போட்டா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று நாலு நாளும் முணுமுணுத்தாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வேலைநாளை விட்டுவிட்டு என் போட்டி எதற்கும் அவளால் வர முடிந்ததில்லை. நான் புறப்படும்போது மட்டும் குரலை மாற்றிக்கொண்டு, "நீ மேடையில நிக்கிறத நான் ஒரு தடவ பாக்கணும். யார்கிட்டயாச்சும் குடுத்து போட்டோ புடிச்சிக்கிட்டு வா" என்றாள்.

போட்டோவுக்கு நிற்க மேடை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மஞ்சள் மேலங்கி போட்ட ஓர் அம்மணி வந்து என் பக்கத்தில் நின்றார். ஊக்கமருந்துச் சோதனைக்குச் சீட்டுக் குலுக்கியதில் என் பெயரும் விழுந்திருக்கிறதாம். மெடல் கிடையாது, மூத்திரம் மட்டும் வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

சோதனை அறையில் மூன்றாவதாக வந்தவள் கழுத்தில் வெண்கலத்தோடு உட்கார்ந்திருந்தாள். சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான் குடித்தேன். இன்னொன்று குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அடக்கிக்கொள்வது கைவந்த கலை. கொழுந்து மலையில் கழிவறை ஏது. காலைத் தேத்தண்ணியையே குறைத்துக் குடித்துவிட்டுத்தான் பெரட்டில் பெயர் கொடுக்கப் போவார்கள். தாங்கவே முடியாவிட்டால் இரண்டு பேராகத் தேயிலைக்குள் இறங்குவார்கள், ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நிற்பாள். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு மலைக்குப் போய் எனக்கும் அந்தப் பழக்கம் ஏறிவிட்டது. இங்கேயோ காவல் நிற்கும் அதிகாரி என்னைப் பார்த்தபடியே நிற்க வேண்டுமாம். வேறு யாருடையதையாவது ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றிவிடக் கூடாதே. காரணம் எனக்கு நன்றாக விளங்கியது. உடம்புக்குத்தான் விளங்கவில்லை.

ஐந்தாவது போத்தலுக்குப் பிறகு ஒருவழியாக நடந்தது. அதிகாரி அதில் ஒரு சொட்டைக் கருவியில் விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பத் தண்ணியா இருக்கு நங்கி. இது செல்லாது. இன்னொரு தடவ வேணும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"சாயம் பத்தலையா அக்கே?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன்.

தேத்தண்ணியைச் சாயம் பார்த்துக் குடிக்கும் நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெண்கலக்காரிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது, என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவளுடைய வேலை முடிந்திருந்தும் எனக்குத் துணையாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை சாயம் சரியாக இருந்தது. இரண்டு குப்பிகளில் ஊற்றி, இலக்கம் பார்த்து, என் கையாலேயே மூடச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "மேடையில நிக்கலயா?"

"இல்லம்மா."

"சரி, சாப்புடு."

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் கடைக்குக் கடிதம் வந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு விரித்துக் காட்டிய புடவையை மடித்துக்கொண்டே பிரித்தேன். மூன்றாவதாக வந்தவளின் குப்பியில் தடைசெய்த மருந்து இருந்திருக்கிறது. விசாரணை முடிந்து அவளுடைய இடத்தை நீக்கிவிட்டார்கள். வெண்கலம் எனக்கு. அப்படியே புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தேன், அழவும் செய்தேன், புடவை வாங்க வந்தவர் பயந்துபோனார். ஓடிப்போய் மருந்துக் கடை நானாவிடம் காட்டினேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஒரு பொட்டலம் கொத்தமல்லியைக் கையில் வைத்தார். "அடுத்த வருசச் சளிக்கு" என்றார்.

பஸ்ஸில் போகும்போதுதான் கோபம் வந்தது. நான் ஒரு மாத்திரைக்கு நாலு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் என் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னோடு சிரித்திருக்கிறாள். அவள் குப்பியில் இருந்த மருந்து இதயத்தைக் கெடுக்கும் என்று கடிதத்தைப் படித்த நானா சொல்லியிருந்தார், அதை நினைத்தபோது பாவமாகவும் இருந்தது. யார் கொடுத்தார்களோ, தெரிந்து குடித்தாளோ. இருந்தாலும் கோபம்தான் அதிகம்.

அம்மா நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தாள். "அந்தப் புள்ள சாக்குக்குத் தண்ணி தெளிச்சிருக்கு."

கொழுந்துச் சாக்கில் தண்ணீர் தெளித்தால் நிறை கூடும். எப்போதோ யாரோ அப்படிச் செய்ததற்காக, வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும், எங்கள் தோட்டத்தில் எல்லாருடைய சாக்கிலும் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்துவிடுவார்கள். அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். "அங்க ஒவ்வொருத்தரா சோதிச்சுப் பாக்குறாங்களா?"

"ஆமா. தப்புப் பண்ணாதவங்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாதுன்னுதாம்மா அந்தச் சட்டமே."

"ம்" என்று எழுந்து போய்விட்டாள்.

மெடலை அடுத்த போட்டியில் தருவதாக விளையாட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மா பார்க்க முடியாத மெடல் எனக்கு எதற்கு. தோட்டத்துக்கே கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டேன். அங்கே மேடை இருக்கிறதா என்றார் அலுவலர். "மேடைய நாங்க போடுறோம் சேர், நீங்க வாங்க" என்றேன். அவரும் நல்ல மனுசன், ஒரு வெயில் நாளில் மத்தியானக் கொழுந்து நிறுவைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து மூன்று படி கட்டியிருந்தார்கள். மூன்றாம் இடம் என்பதால் நான் உயரம் குறைந்ததில் ஏறினேன். "அங்க எதுக்கு நிக்கிற? மத்த ரெண்டு பேரு இங்க வரவா போறாங்க? மேல ஏறு" என்று ஒருத்தி இடுப்பைப் பிடித்துத் தள்ளினாள். உச்சிக் கூடையில் நின்றேன். கழுத்தில் வெண்கலம் விழுந்தது. இடுப்பில் சுற்றிய படங்கோடு அம்மா முன்னால் நின்று கண் எடுக்காமல் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷத்தை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை.

கைதட்டல் அடங்கியதும் கணக்கப்பிள்ளை நிறுவையைத் தொடங்கினார். முதல் சாக்கு அம்மாவுடையது.

"இருபத்திரெண்டு. கழிச்சு இருவது."

அம்மா சாக்கை இறக்க விடவில்லை. "ஐயா, எம் மகளச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் மெடல் குடுத்திருக்காங்க. எஞ் சாக்குலயும் கைய விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா கழிங்க."

அலுவலர் கையில் ஃபோனோடு நின்றிருந்தார். கணக்கப்பிள்ளை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முழங்கை வரை சாக்குக்குள் கையை விட்டார். வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்த கை.

"இருபத்திரெண்டு" என்று எழுதினார்.

அடுத்தவள் அதற்குள் தன் சாக்கின் வாயைத் திறந்து பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்கத் திறந்து பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் அலுவலர் எடுத்த போட்டோ இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் நான் மெடலோடு மேடை மேல் நிற்கிறேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா தராசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.