துளிர்விட்டது என்று சொன்னேன்

அடையாறில் நாங்கள் பத்தொன்பது வருஷம் குடியிருந்த பழைய அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானபோது, கீழ்வீட்டு அண்ணாச்சி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த வேலிச்செடில ஒண்ணையாவது நீ கொண்டுபோயிரும்மா. எம் மகன் வீட்ல கைப்பிடி மண்ணு கிடையாது."

தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். வாசல் கேட்டை ஒட்டி இடுப்பளவுக்கு நின்ற அந்தப் பச்சை வேலியை ஞாயிறுதோறும் கத்தரித்து விடுவார். செடிகளை நட்டது அவர் மனைவி. அந்த அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. அண்ணாச்சி கொட்டிவாக்கத்தில் மகனுடைய ஒன்பதாவது மாடிக்குப் போகிறார். நான் வாடகைக்குப் பிடித்திருந்த மந்தைவெளி வீட்டில் ஒரு பால்கனி இருந்தது. அதனால்தான் என்னிடம் கேட்டார். சரி என்று சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. செல்போனில் போன்சாய் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இடிக்கும் நாளில் ஜேசிபி ஓட்டுபவரிடம் கெஞ்சினேன்.

"இன்னாம்மா, இந்தக் கட்டைய எடுத்துகினு போய் இன்னா பண்ணப் போற?"

"சின்னத் தொட்டியில வெச்சு, குட்டி மரமா வளக்கப் போறேன்."

அவர் சிரித்தார். ஆனாலும் வண்டியின் கரத்தை மெதுவாக இறக்கி, மண்ணோடு ஒரு செடியைத் தூக்கி என் சாக்கில் வைத்தார். மணிக்கட்டுப் பருமனுக்கு அடிமரம். "மண்ணு உதிராம புடிச்சிக்கினு போ. வேரு அறுந்தா அவ்ளோதான்."

அந்த மண்ணைத்தான் நான் அன்று மாலையே குளியலறையில் வைத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்தார். அவர் கையில் இருந்தது பாக்ஸ்வுட் என்ற செடி. என்னுடையதும் அதேபோல் பளபளவென்று பொடி இலை. அதனால் அதுவும் பாக்ஸ்வுட்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் வேரைப் பாதிக்கு மேல் வெட்டினார். நானும் வெட்டினேன். கிளைகளைக் கம்பி சுற்றி வளைத்ததில் ஒன்று முறிந்தது. மிச்சத்தை ஆழமில்லாத ஒரு தட்டில் நட்டு, பால்கனியில் வைத்து, போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உண்மையாகவே அழகாக இருந்தது. வெளியே சித்திரை வெயில்.

மூன்றாம் நாள் இலைகள் சுருண்டன. ஒரு வாரத்தில் ஒன்றுகூட இல்லை.

அதன் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிழலுக்கு நகர்த்தினேன். பாலித்தீன் பையால் மூடினேன். புழுங்குகிறதோ என்று எடுத்தேன். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன், போதவில்லையோ என்று ஊற்றினேன். பட்டையை நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்க்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, தினமும் காலையில் ஒரு இடத்தில் சுரண்டினேன். முதலில் தெரிந்தது. நாளுக்கு நாள் அது மங்கியது. "அதைக் கொஞ்சம் சும்மா விடேன்," என்றார் கணவர். விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி போன் செய்தார்.

"என்னம்மா, செடி எப்படி இருக்கு?"

"துளிர் விட்டிருக்கு அண்ணாச்சி."

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அவர் குரல் தழைந்துபோயிருந்தது. நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு, எத்தனை துளிர் என்று கேட்டார். ஏழெட்டு என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, "ஒரு நாள் நேர்ல வந்து பாக்கேன்," என்றார்.

பயந்துபோய், பேருந்தில் போகும்போது பார்த்து வைத்திருந்த ஒரு நர்சரிக்கு ஓடினேன். போனில் இருந்த படத்தைக் காட்டி, இதே மாதிரி கிடைக்குமா என்று கேட்டேன்.

"இது பாக்ஸ்வுட் இல்லம்மா. அது குளிர் ஊருச் செடி. இது நம்ம ஊரு வேலிக்கு வெக்கறது. சின்னக் கன்னு தரேன். ஆனா இந்த அடிமரம் வர இருபது வருஷம் ஆவும், அதுக்கு நான் எங்க போவேன்?"

வெறுங்கையோடு வந்தேன். எதைச் செய்யப் போனேன் என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அண்ணாச்சி வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க நேராகப் பால்கனிக்குப் போனார். நான் பின்னால் நின்றேன். கம்பி சுற்றிய ஒரு கட்டை. அதன் மேலெல்லாம் என் நகத்தடம். அவர் குனிந்து ஒரு நுனியை வளைத்தார், பட்டென்று ஒடிந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது செத்து நாளாச்சே."

"ஆமா அண்ணாச்சி."

"செத்துட்டுன்னு சொல்லியிருக்கலாம்லா? நான் அங்க எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன். மருமகட்ட சொன்னேன். தங்கச்சிக்கு ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். இனி என்னன்னு சொல்லுவேன்?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். காபியை முழுதாகக் குடித்தார், டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவுதொட்டியில் வைத்தார், கிளம்பினார். படியில் இறங்கும்போது கை கொடுக்கப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். ஐப்பசி மழையில் ஒரு காலை, கட்டையை விட்டுத் தள்ளி, அறுந்த வேர் ஒன்றிலிருந்து ஈர்க்குச்சி போல ஒரு தளிர் மேலே வந்திருந்தது. இரண்டு இலை. களையோ என்று நாலு நாள் காத்திருந்தேன். அதே பளபளப்பு, அதே பொடி இலை. உடனே போன் செய்தேன்.

"அண்ணாச்சி, நிஜமாவே துளிர் வந்திருக்கு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"அப்படியா. சரிம்மா, சந்தோசம்," என்றார்.

படம் அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீலக்குறி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடி அழைத்து, சத்தியமாக அதே வேர்தான் என்று சொல்லலாம். ஆனால் ஏழெட்டுத் துளிர் என்று சொன்னதும் என்னுடைய இதே குரல்தானே.

தளிர் இப்போது ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. செத்த அடிமரத்தை அறுத்து எடுத்துவிட்டேன். இதற்குக் கம்பி சுற்றவில்லை, கத்தரிக்கவும் இல்லை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் போன் செய்கிறார். கணவரின் முழங்கால் வலியை விசாரிப்பார், மெட்ரோ வேலைக்காக எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். செடியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.