அத்தை பெயரில் வந்த ரயில் பாஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலுமாக வந்துவிடும், சிலது மறந்தும் போயிற்று. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ரயிலில் என்னென்ன சலுகை உண்டு என்று போன மாதம் வீட்டில் பேச்சு வந்தது. என் மகளின் மாப்பிள்ளையும் பட்டாளத்தில் இருந்தவர்தான். எங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று வந்தது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் உலகச் சண்டையின்போது அப்பா கடல் கடந்து பஸ்ராவுக்குப் போனார். தாய்மாமனோடு ஏதோ மனத்தாங்கல், திருநெல்வேலிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளை நடத்துகிற வேலை. ஒரு பாலத்தில் வண்டி குடைசாய்ந்து வலது கால் அதற்குள் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பூனாவுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தோலும் மரமும் இரும்புப் பட்டையுமாக ஒரு கால் செய்து மாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்பாவைத் தெரிந்த நாள் முதலாக அந்தக் காலோடுதான் தெரியும்.

அவர் அந்தக் காலோடு வயலுக்குப் போவார். சேற்றில் இறங்காதேயுங்கள் என்று அம்மா சொல்வாள். வரப்பில் நின்று பார்க்கிறதெல்லாம் ஒரு பார்வையா என்று அவர் இறங்கிவிடுவார். பத்து வருஷம் சேறு பட்ட தோல் எத்தனை நாள் தாங்கும்? நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லுக்கு நடவு முடிந்த கார்த்திகை மாதத்தில், அது இரண்டாகக் கிழிந்தது. ஊர் ஆசாரி பூவரசு மரத்தில் ஒன்று செய்துகொடுத்தார். அதை மாட்டிய மூன்றாம் நாள் வெட்டின காலின் நுனி புண்ணாகிவிட்டது. பிறகு அப்பா நடக்கவில்லை. வடக்குப்புற அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வந்ததா, மடையைத் திறந்தானா என்று போகிறவர் வருகிறவர்களிடம் கேட்பார். புண் ஆறாவிட்டால் முழங்காலுக்கு மேலும் எடுக்க வேண்டிவரும், கனமில்லாத நல்ல கால் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் பட்டாளத்துக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டார். பதில் வந்தது. புதுக் கால் செய்து தருகிறோம், பூனாவுக்கு வர வேண்டும் என்றும், திருநெல்வேலியிலிருந்து போகவர இரண்டு பேருக்கு ரயில் பாஸ் இதோடு வைத்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தது. ஒரு மாதத்துக்குள் புறப்படாவிட்டால் அந்தப் பாஸ் செல்லாது.

வாத்தியார் எங்கள் முற்றத்தில் நின்றே வாசித்துச் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு உமக்கு. இன்னொண்ணு கூட வாற ஆளுக்கு. பேரும் போட்டிருக்கு," என்று சொல்லி, வாத்தியார் அந்தப் பெயரை வாசித்தார். அது அத்தையின் பெயர். அப்பாவுக்கு மூத்த அக்கா, சுசீந்திரத்தில் கட்டிக்கொடுத்தவள்.

"அது எப்படி?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

"பட்டாளத்துல சேருகப்போ வாரிசு யாருன்னு கேட்டிருப்பான் அம்மா. இவரு சொன்னதை எழுதியிருக்கான். அந்தப் பேருக்கு உள்ள ஆளைத்தான் கூட விடுவான்."

இதை இன்றைக்கு உள்ளவர்களுக்குச் சொல்லித்தான் விளக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அப்போது மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்து அவருடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்குத்தான் போகும். மனைவியும் மக்களும் அவர் வீட்டில் இருந்து உண்ணலாம், உரிமை கிடையாது. வாரிசு யார் என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை எவரும் அக்கா பெயரைத்தான் சொல்வார். அப்பாவும் யோசிக்காமல் அதைச் சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் போன பிறகு அம்மா உள்ளே வந்தாள்.

"கேட்டேளா, பட்டாளத்துக்குப் போகப்போ நான் இந்த வீட்டுலதானே இருந்தேன்?"

"இருந்த."

"இவ வயித்துல இருந்தா," என்று அம்மா என்னைக் காட்டினாள்.

"இருந்தா. அன்னைக்கு யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். கேட்டவனுக்கும் அவசரம்."

அம்மா அடுக்களைக்குப் போனாள். அன்றைக்குப் புளிக்கறியில் உப்பு இல்லை, யாரும் சொல்லவுமில்லை.

பெயர் வருத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். அத்தையும் அப்பாவும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மக்களுக்கும் பங்கு உண்டு என்று சர்க்கார் சட்டம் போட்டதும் வீட்டுக்கு வீடு பாகம் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் பிரித்தார்கள். குடியிருந்த வீடும் குளத்தடி வயலும் எங்கள் பக்கம் வந்தன. அத்தையின் பிள்ளைகளுக்குப் போனது மேட்டு நிலம். அன்றைக்கு அத்தை முற்றத்தில் நின்று, "நான் பெறந்த வீட்டுல இனி தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே வராமலும் இருந்தாள்.

தனியாகவே போய்விடுவேன் என்றார் அப்பா. கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு எழுந்தவர் வாசற்படியிலேயே விழுந்தார். மதராசில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி வேறொரு ஸ்டேஷனுக்குப் போய் ஏற வேண்டுமாம். அவரால் முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. டிக்கெட் எடுத்து இன்னொரு ஆளை அனுப்ப எங்களால் முடியாது. பெயரை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டால் பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

வாத்தியார் நல்ல மனுஷர், ஆனால் ஒரு வழி சொன்னார் பாருங்கள். "அம்மா, நீங்களே அந்தப் பேரைச் சொல்லிட்டுப் போயிடுங்க. ரயில்ல யாருக்குத் தெரியப்போகு?"

"மூணு நாளும் இவாளைத் தம்பின்னு கூப்பிட்டுட்டு வரச் சொல்லுகீரா?" என்று அம்மா கேட்டாள். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டார்.

அத்தையைக் கேட்கலாம் என்று அம்மா சொன்னதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. "தவழ்ந்து போனாலும் போவேனே தவிர அவ வாசல்ல ஆள் விட மாட்டேன்" என்றார். மறுநாள் காலையில் அவர் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். எங்கே என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

வரப்பு வழியாகவே நடந்தோம். சுசீந்திரம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அத்தை முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரத்திக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"என்னட்டி, வழி தவறிட்டியா?"

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் மயினி."

"பாகம் பிரிக்கப்போ என்னைக் கண்ணுக்குத் தெரியல. இப்போ தெரியுதோ?"

அம்மா காலையும் புண்ணையும் பாஸையும் பற்றிச் சொன்னாள். அத்தை நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள். "நான் எதுக்கு? கட்டினவ நீ இருக்க, நீ போ" என்றாள்.

"என் பேரு அதுல இல்ல மயினி. உங்க பேருதான் இருக்கு. பட்டாளத்துல சேருகப்போ எழுதிக் குடுத்தது."

அத்தை நின்றாள்.

"என் பேரா?"

"ஆமா."

"வீட்டுப்பேரும் சேர்த்தா?"

"வீட்டுப்பேரும் சேர்த்துத்தான்."

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. பாஸைக் காட்டச் சொன்னாள். அம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, வாத்தியார் விரல் வைத்த இடத்தை நான் தொட்டுக் காட்டினேன். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி வந்து நெல்லைக் கொத்தியது, அவள் விரட்டவில்லை.

"அவன் வரச் சொன்னானா?"

"இல்ல. தெரிஞ்சா ஏசுவாரு."

"இந்த வெயில்ல பிள்ளையையும் இழுத்துட்டு வந்திருக்க, கோட்டிக்காரி. உள்ள வா. கஞ்சி குடி," என்றாள்.

புறப்படுகிற அன்று அத்தை ஒரு மூட்டை அரிசி, புளி, கருப்பட்டி, காய்ந்த தேங்காய் எல்லாம் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏலே, கோவத்தை வண்டியில வச்சுக்கிடலாம், எந்திரி," என்று அவர் கக்கத்தில் கை கொடுத்தாள் அத்தை. அவர் எழுந்துவிட்டார்.

எங்கள் பக்கம் அப்போது ரயில் கிடையாது. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி வரை பஸ்ஸில் போக வேண்டும். நானும் அம்மாவும் பஸ் நிற்கிற இடம் வரை மாட்டுவண்டியில் கூடப் போனோம். அப்பா பாஸை எடுத்து நீட்டினார். கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ரயிலுக்கு உள்ள பாஸ். இது எங்க மொதலாளிக்குச் சொந்த வண்டியாக்கும்."

"சரிடே," என்றாள் அத்தை. "எனக்கு முழு டிக்கெட் போடு. இவனுக்கு ஒரு காலுக்குள்ளதைக் கழிச்சுட்டுப் போடு. இல்லாத காலு உன் வண்டியில ஏறப் போறதில்லையே."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு, டிக்கெட்டில் குறைக்கவில்லை, ஆனால் டிரைவருக்குப் பக்கத்தில் கால் நீட்ட வசதியாக இடம் கொடுத்தார். அப்பாவும் சிரித்தாரா என்று நான் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போன பிறகும் அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

ஒன்றரை மாதம் ஒரு தகவலும் இல்லை. பங்குனி பிறந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம் தெருமுனையில் மாட்டுவண்டி நின்றது. வண்டியை வீட்டுக்கு ஓட்ட வேண்டாம் என்று அப்பா அங்கேயே இறங்கிவிட்டார். புதுக் காலோடு தெரு முழுவதும் நடந்து வந்தார். அத்தை மூட்டையோடு பத்தடி பின்னால் வந்தாள். அப்பாவின் வேட்டி புதிது, முகம் இளைத்திருந்தது. அம்மா நடையில் வந்து நின்று அவர் காலைத்தான் பார்த்தாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும், மண்டியிட்டுப் பட்டையைக் கழற்றிப் புண் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஆறிவிட்டிருந்தது. என் அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்தை படியேறி உள்ளே வந்தாள். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அத்தை ஒரு கணம் செம்பைப் பார்த்துவிட்டுக் குடித்தாள். அங்கே சோறு கிடைக்கவில்லை, ரொட்டிதான், கொண்டுபோன அரிசியை, எங்களைப் போலக் கால் மாட்ட ஆளோடு வந்திருந்த பஞ்சாபிப் பெண்களின் அடுப்பில் பொங்கினேன் என்றெல்லாம் சொன்னாள். பிறகு அம்மாவைத் தனியாக அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். நான் பின்னால் போனேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். அங்கே ஆபீசுல இவன் உன் பேருக்கு மாத்தணும்னு சொன்னான். எழுதுக ஆளு பேனாவையும் எடுத்துட்டான். நான்தான் வேண்டாம்னு தடுத்தேன்."

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வீட்டுல என் பேரு போச்சு. வயல்ல போச்சு. இந்த ஒரு தாள்லதான் நான் இவனுக்கு அக்காளா இருக்கேன். அது தெரியாமலே இத்தனை நாள் இருந்திருக்கேன். உனக்குச் சரியில்லன்னா சொல்லு. நானே கைநாட்டு வச்சு மாத்தித் தாறேன்."

அம்மா அடுப்பில் கிடந்த விறகைத் தள்ளி வைத்தாள். 

"இருக்கட்டும் மயினி," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பாஸ் வந்தது. இரண்டு தடவையும் அத்தைதான் போனாள். வழிக்கு வேண்டியதை அம்மா கட்டிக்கொடுப்பாள். அப்பா கடைசி வரை இரண்டு காலில் நடந்து வயலுக்குப் போனார். அவர் காலமான பிறகு, அத்தையை வாரிசு என்று எழுதியிருந்ததால், பணத்துக்கான பட்டாளத்துக் காகிதம் சுசீந்திரத்துக்குப் போயிற்று. அத்தை அதை எடுத்துக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள். அம்மா ரயிலையே பார்க்காமல் செத்துப்போனாள். இருக்கட்டும் என்று அவள் மனசாரச் சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்துவிட்டேன்.

எனக்கு ஞாபகம் உள்ளதைத்தான் எழுதினேன். அந்த இடம் பூனாதானா, கூடப் போகிறவருக்குப் பட்டாளத்தில் எழுதிக்கொடுத்த பெயர் இருந்தே தீர வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்ததா, இல்லை வாத்தியார் வாசித்ததில் பிசகா, எனக்குத் தெரியவில்லை. பிசகு என்றால் அம்மாவே போயிருக்கலாம். பழைய பட்டாளத்துக் காகிதங்களைப் பார்க்கத் தெரிந்த யாராவது இதைச் சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்திவிட வேண்டும்.